தொட்டி துலக்க வந்த மீன்

(ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வாசகர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டாள் அவதரித்த ஊரில் மேடையேறுகிறவன் ஆண்டாளைப் பற்றி நாலு வார்த்தை பேசாமல் இறங்குவது மரியாதையன்று என்பதை நான் அறியாதவனல்லன். ஆயினும் அந்தப் பிரசங்கத்தைச் செய்வதற்கு என்னிலும் பாண்டித்தியம் மிக்கவர்கள் இந்தச் சபையிலேயே அமர்ந்திருக்கிறார்கள் என்பதாலும், ஒன்பது ஆண்டுகளாக ஒரு பிராணியோடு ஒரே வீட்டில் குடியிருந்து நான் பெற்ற அனுபவத்தைச் சொல்வதற்கு என்னை விட்டால் வேறு ஆள் அகப்படாது என்பதாலும், உங்கள் பொறுமையை நம்பி இன்றைக்கு ஒரு மீனைப் பற்றிப் பேசத் துணிந்திருக்கிறேன். குழம்பில் கிடக்கும் மீனைப் பற்றியன்று. கண்ணாடித் தொட்டியில் கிடக்கும் மீனைப் பற்றி.

என் பேரனுக்கு அப்போது வயது 10. இரண்டு அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி ஒன்றும், அதில் விட நாலு தங்கமீன்களும் வாங்குவதற்காக ராஜபாளையத்தில் ஒரு கடைக்குப் போனோம். எல்லாம் கட்டி முடிந்த பிறகு கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கிக் காட்டினார். இரண்டங்குல நீளத்தில், கறுப்பும் பழுப்புமாய்ப் புள்ளி விழுந்து, பையின் பக்கத்தில் வாயை ஒட்டவைத்துக்கொண்டு ஒரு குஞ்சு அசையாமல் இருந்தது. "ஐயா, இது டேங்க் கிளீனர். சக்கர்னும் சொல்லுவாங்க. இது ஒண்ணு கிடந்தாப் போதும், பாசி பூராத்தையும் அதுவே தின்னுடும், தொட்டியை நீங்க கழுவவே வேண்டாம்" என்றார். கழுவும் வேலை யார் தலையில் விழப்போகிறது என்பதை முன்னமே ஊகித்து வைத்திருந்த எனக்கு அந்த வார்த்தை தேனாக இனித்தது. இது எவ்வளவு பெரிதாக வளரும் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இந்தக் கதையில் குற்றவாளி என்று ஒருவர் உண்டென்றால், கேட்காத நான்தான் முதற் குற்றவாளி.

இரண்டாம் ஆண்டு முடிவில் அது ஓரடி இருந்தது. ஓரடி அகலமுள்ள தொட்டியில் ஓரடி நீளமுள்ள மீன் எப்படித் திரும்பும் என்று யோசித்துப் பாருங்கள். வாலை மடக்கி, உடலை வில்லாக வளைத்து, கூழாங்கற்களை வாரியிறைத்துக்கொண்டு திரும்பும். திரும்பும்போதெல்லாம் தங்கமீன்கள் மூலைக்கு ஓடும். இன்று அது ஒன்றரை அடி.

இதனுடைய பூர்வீகம் தென் அமெரிக்கா. அமேசான், ஓரினோக்கோ முதலான மகாநதிகளும் அவற்றின் உபநதிகளும் இந்தக் குடும்பத்தின் தாயகம். நம்முடைய கெளுத்திக்குத் தூரத்து உறவு. ஆனால் கெளுத்தியின் வழவழப்பான தோல் இதற்கில்லை. எலும்புத் தகடுகளை வரிசை வரிசையாகப் பதித்துத் தைத்த கவசத்தை உடம்பு முழுவதும் அணிந்திருக்கும். அடிவயிறு மட்டும் மென்மையாக இருக்கும். வாய் முகத்தின் அடிப்புறத்தில் வட்டமாக அமைந்து, கல்லிலோ கண்ணாடியிலோ அட்டையைப்போல் ஒட்டிக்கொண்டே மேயவும் மூச்சுவிடவும் தக்கதாயிருக்கிறது. 1758-ஆம் ஆண்டில் இந்த இனத்தில் ஒன்றுக்குப் பெயர் சூட்டிய ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ், தகடு போர்த்த உடம்பைக் கண்டு மயங்கினாரோ என்னவோ, இதை ஸ்டர்ஜன் என்னும் ஐரோப்பிய மீனின் வகுப்பில் சேர்த்து, 'மடிந்த வாய்' என்று பொருள்படும் கிரேக்கப் பெயரை இட்டார். வகுப்பைப் பின்வந்தவர்கள் மாற்றிவிட்டார்கள். மடிந்த வாய் என்ற பெயர் நிலைத்துவிட்டது. நம் கடைகளில் பெரும்பாலும் விற்கப்படுவது இதன் நெருங்கிய பங்காளி. அதன் சாஸ்திரப் பெயருக்குச் 'சிறகும் ஆயுதமும் உடைய மீன்' என்று பொருள். முதுகுத் துடுப்பை அது பாய்மரம்போல் விரித்து நிமிர்த்துவதைப் பார்த்தவர்கள், பெயர் வைத்தவன் ரசிகன் என்பதை ஒப்புக்கொள்வார்கள்.

இரண்டு விசேஷங்களைச் சொல்லாமல் விட மனமில்லை. ஒன்று, கண். வெளிச்சம் கூடும்போது கருவிழியின் மேலிருந்து ஒரு சிறு மடல் இறங்கிப் பாவையின் நடுப்பகுதியை மறைக்கும். இருள் சூழ்ந்தால் மேலே சுருண்டு ஏறிக்கொள்ளும். பகலில் உறங்கி இரவில் உலாவும் ஜீவனுக்கு இயற்கை தைத்துக் கொடுத்த திரைச்சீலை அது. மற்றொன்று, மூச்சு. தண்ணீரில் பிராணவாயு குறைந்துபோனால் இது மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கி, அதை இரைப்பையிலே நிறுத்தி, இரைப்பையின் மெல்லிய சுவர் வழியாக ரத்தத்தில் சேர்த்துக்கொள்ளும். உண்பதற்கும் மூச்சுவிடுவதற்கும் ஒரே பையை வைத்துக்கொண்டிருப்பதால், ஈரம் காயாத இடத்தில் ஒரு நாள் முழுவதும் வெளியே கிடந்தும் உயிர் பிழைக்கவல்லது. இந்த மூச்சை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நம் கண்மாய்க்குப் போகும்போது வேண்டியிருக்கும்.

இனி, துலக்குகிற தொழிலுக்கு வருவோம். பாசியைத் தின்னும் என்று கடைக்காரர் சொன்னது பொய்யன்று. குஞ்சாக இருக்கும் காலத்தில் ஆர்வத்தோடு தின்னும். தின்றது எங்கே போகிறது என்பதைத்தான் அவர் சொல்லவில்லை. இதன் குடல் கடிகாரச் சுருள்போலச் சுற்றிச் சுற்றிக் கிடக்கும் நீண்ட குடல். சத்துக் குறைந்த தீனியை மூட்டை மூட்டையாகத் தின்றால்தான் இந்த உடம்புக்குக் கட்டும். ஆகவே காலையில் எழுந்து பார்த்தால் தொட்டியின் அடியில் நூல்கண்டு பிரித்துப் போட்டதுபோல் கழிவு கிடக்கும். சுவரைத் துடைத்துவிட்டுக் கூடத்தின் நடுவில் குப்பையைக் கொட்டுகிற வேலைக்காரனுக்கு என்ன சம்பளம் கொடுப்பீர்களோ, அந்தச் சம்பளத்துக்குத்தான் இது தகுதி.

கண்ணுக்குத் தெரியும் குப்பையைவிடத் தெரியாத குப்பை கொடியது. மீனின் செவுள் வழியாகவும், கழிவு அழுகுவதாலும் ஜலத்தில் அமோனியா சேருகிறது. அது விஷம். கல்லிலும் வடிகட்டியின் பஞ்சிலும் குடியேறும் ஒருவகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம். வேறொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். இதன் கொடுமை குறைவு. பஞ்சு நூலாகி, நூல் சத்திரப்பட்டித் தறியில் பேண்டேஜ் துணியாகிறதல்லவா, அதுபோல ஒருவர் கழித்ததை மற்றவர் வாங்கி நடக்கும் தொழில் இது. புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் குடியேறி நிலைபெற நாலு முதல் ஆறு வாரம் செல்லும். தொட்டி வாங்கிய அன்றே மீனை விட்டு, பத்து நாளில் மீன் செத்துவிட்டது, ராசியில்லை என்று தொட்டியைப் பரண்மேல் ஏற்றிவிடுகிற கிரகஸ்தர்கள் நம் ஊரில் அநேகர். வடிகட்டிப் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பளபளவென்று அலசிவிடுகிறவர்களும் அதே பிழையைத்தான் செய்கிறார்கள். நகராட்சித் தண்ணீரில் உள்ள குளோரின் அந்தக் குடிகளையெல்லாம் ஒரே நிமிஷத்தில் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பஞ்சை அலச வேண்டும். புதுத் தண்ணீரை ஒருநாள் திறந்த பாத்திரத்தில் வைத்திருந்தோ, கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கி மருந்தைக் கலந்தோதான் ஊற்ற வேண்டும். வாரந்தோறும் காற்பங்கு தண்ணீர் மாற்றுவது என் வழக்கம். வெளியேற்றிய தண்ணீர் என் வீட்டு வாழைக்குப் போகிறது. அந்த வாழையைப் பார்த்த பிறகு மீனின்மேல் எனக்கு இருந்த கோபம் பாதி குறைந்தது.

இந்த மீனை உள்ளபடி வளர்க்க வேண்டுமானால் ஆறடி நீளமும், அகலம் உயரம் இரண்டிரண்டு அடியும் உள்ள தொட்டியாவது வேண்டும். அதில் பிடிக்கும் தண்ணீர் மட்டுமே சுமார் 680 லிட்டர். தண்ணீரின் பாரம் மாத்திரம் 680 கிலோ. மாடியிலே வைக்க நினைப்பவர்கள் மீன் கடைக்காரரிடம் போவதற்குமுன் கட்டட மேஸ்திரியிடம் போவது நலம். நான் ஓய்வூதியக்காரன், அவ்வளவு பெரிய கண்ணாடித் தொட்டிக்கு வழியில்லாமல், என் தகப்பனார் காலத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய சிமெண்டுத் தொட்டியைத் துலக்கி, கொல்லையில் நிழல்பார்த்த இடத்தில் அதைக் குடியேற்றினேன். புதுச் சிமெண்டாக இருந்தால் சுண்ணாம்புக் காரம் இறங்கி மீனைக் கொல்லும்; பலமுறை தண்ணீர் நிரப்பி இறைத்த பிறகுதான் விட வேண்டும். எங்கள் தொட்டி நாற்பது ஆண்டு மாடுகள் குடித்துப் பழகியதாகையால் அந்தச் சிரமம் இருக்கவில்லை.

தீனி பற்றிய கவலை வேண்டாம். பாசி ஒன்றினாலேயே அது வாழும் என்ற மயக்கம் மட்டும் கூடாது. தொட்டியில் பாசி தீர்ந்தபின் பட்டினியால் வயிறு ஒட்டிச் செத்த சக்கர் மீன்கள் எத்தனையோ. பறங்கிக்காய், வெள்ளரிக்காய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பசலைக்கீரை இவற்றை இலேசாக வெந்நீரில் வாட்டிப் போட்டால் விடிவதற்குள் தோலை மட்டும் விட்டுவைக்கும்; மூழ்கும் உருண்டைத் தீனியும் இடையிடையே கொடுக்கலாம். ஊறவைத்து அடியில் போட்ட கட்டை ஒன்று அவசியம். அதைச் சுரண்டிக்கொண்டே இருக்கும்; பகலில் அதன் அடியில் பதுங்கும். மேலே மூடி வேண்டும். இரவில் துள்ளிக் கீழே விழுந்துவிடும். கைவலையால் மட்டும் பிடிக்காதீர்கள்: பக்கத் துடுப்பின் முள் விறைத்து நின்று வலைக்கண்ணில் மாட்டிக்கொண்டால் வலையை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். அகன்ற வாளியைத் தண்ணீருக்குள் இறக்கி அதனுள்ளே ஓட்டுவதே உபாயம். நம் பக்கத்து வெயிலுக்குச் சூடேற்றும் கருவி வேண்டியதில்லை. கோடையில் மின்சாரம் நிற்கும்போது காற்றுமோட்டாரும் நிற்குமே, அந்த வேளையில் தங்கமீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மிதக்கும். இது மட்டும் மேலே வந்து ஒரு மிடறு காற்று வாங்கிக்கொண்டு மறுபடி போய்ப் படுத்துக்கொள்ளும்.

சிமெண்டுத் தொட்டிக்கு மாற்றுவதற்கு முன்பு நடந்த தங்கமீன்களின் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் காலையில் அவற்றில் பெரியதன் விலாவில் செதில் உரிந்து சிவந்திருந்தது. நோயென்று நினைத்து உப்புப் போட்டோம். நள்ளிரவில் டார்ச் விளக்கோடு போய்ப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது: தூங்குகிற தங்கமீனின் பக்கத்தில் நம்முடைய துப்புரவுத் தொழிலாளி வாயை வைத்து அதன் மேலுள்ள வழவழப்பை நக்கிக்கொண்டிருந்தார். பசித்தால் இது இப்படிச் செய்யும். அமெரிக்காவில் ஃபுளோரிடா மாகாணத்து ஊற்றுநீரில் குளிர்காயவரும் மனாட்டி என்ற பெரிய கடற்பசுக்களின் முதுகில் இந்த மீன்கள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு பாசி மேய்வதை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மனாட்டி தாங்கும், தங்கமீன் தாங்குமா? நாலில் இரண்டு போயின.

அப்போதுதான் வீட்டில் அந்தப் பேச்சு எழுந்தது. "பாவம், இவ்வளவு பெரிய மீனை இந்தச் சின்னத் தொட்டியிலே அடைத்து வைப்பானேன்? கண்மாயில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள், புண்ணியமாய்ப் போகும்" என்றாள் என் மனைவி. பேரனும் அழுதுகொண்டே சம்மதித்தான். சைக்கிளில் வாளியைக் கட்டிக்கொண்டு நான் புறப்பட்டுவிட்டேன் என்பதை இந்தச் சபையில் ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

கோயில் குளத்து மீனுக்குப் பொரி போடுகிற ஜாதி நாம். திருமுக்குளத்தின் படியில் நின்று மீனுக்குப் பொரி தூவாத குழந்தை இந்த ஊரில் இருக்காது. அடைபட்ட ஜீவனை விடுவிப்பது புண்ணியம் என்பது நம் ரத்தத்திலே ஊறிய கொள்கை; அதன்மேல் எனக்கு எள்ளளவும் அவமதிப்பில்லை. ஆனால் கண்மாய்க் கரையில் வாளியை இறக்கிவைத்தபோது, கரைமேல் உட்கார்ந்து வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர், உள்ளே எட்டிப்பார்த்துவிட்டு, "இதையா விடப்போறீக? இது வலையைக் கிழிக்கும், கரையைத் தோண்டும். கொண்டுட்டுப் போங்க சாமி" என்றார். கடைக்காரர் சொல்லாத சாஸ்திரத்தை அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். வாளியை மறுபடி கட்டினேன்.

பிறகுதான் நான் படிக்கத் தொடங்கினேன். இந்த மீனின் ஆண், கரைச்சரிவின் மண்ணில் ஒரு மீட்டர் ஆழம் வரைக்கும் வளை தோண்டும்; பெண் அதற்குள் நூற்றுக்கணக்கில் முட்டையிடும்; ஆண் வாயிலில் காவலிருக்கும். ஒரு வளைக்குப் பக்கத்தில் இன்னொரு வளை என்று நெருக்கமாகத் தோண்டப்பட்ட கரை நாளடைவில் சரிகிறது. நம் ஊர்க் கண்மாய்களின் கரை எதனால் ஆனது? மண்ணால். மேற்கே மலையில் பெய்த மழை ஓடைகளில் இறங்கி, ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகிற சங்கிலியில்தான் நம் வட்டாரத்து வயல்கள் பிழைத்திருக்கின்றன. மேல்கண்மாயில் விட்ட மீன் மறுகாலோடு கீழ்க்கண்மாய்க்குப் போவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

கோடையில் கண்மாய் வற்றினால் எல்லாம் செத்துப்போகுமே என்பீர்கள். கண்மாய் வற்றுவதுதான் நமக்கு இதுவரை இருந்த காவல். கண்மாய் அழிப்பு என்று ஊர்கூடி மீன் பிடித்து, தரை வெடித்துக் கிடந்து, மறு மழைக்குப் புதிதாக நிறையும். ஆனால் இரைப்பையால் மூச்சுவிடும் இந்த மீன், தண்ணீர் இறங்கிய பிறகும் ஈரமுள்ள வளைக்குள்ளே முடங்கிச் சில காலம் தாக்குப்பிடிக்கிறது. கண்மாயின் நடுவே ஒரு குட்டை தேங்கியிருந்தாலும் அதற்குப் போதும். கெண்டையும் அயிரையும் மேயவேண்டிய பாசியையும் வண்டலையும் இது மேய்ந்துவிடும். வலையில் கெளுத்தி விழுந்தால் காசு; இது விழுந்தால் முள்ளில் மாட்டிய வலையை அறுப்பதற்கே ஒரு பகல். மீன் பிடிக்கும் உரிமையான மீன்பாசியை ஏலம் எடுத்தவர் யாரிடம் போய் அழுவார்?

இது வெறும் பயமுறுத்தலன்று. திருவனந்தபுரத்துச் சாக்கைக் கால்வாயில், கல்கத்தாவின் கிழக்குப் பக்கத்துச் சதுப்புநிலங்களில், விஜயவாடாவை ஒட்டிய கிருஷ்ணா நதியில் என்று இந்தத் தேசத்தின் பல மூலைகளில் இது பெருகியிருக்கிறது. தமிழ்நாட்டு நீர்நிலைகளிலும் பிடிபட்டிருக்கிறது. மெக்சிகோவில் இன்ஃபியர்நீயோ என்ற பெரிய அணையில் ஜிலேபி மீனால் நிறைந்த வலைகள் பிறகு இந்த மீனால் நிறைந்து, மீனவக் குடும்பங்கள் பிழைப்பிழந்தன. மெக்சிகோக்காரர்கள் இதைப் பிசாசு மீன் என்கிறார்கள். பிலிப்பைன்ஸில் துப்புரவாளி மீன். ஜகார்த்தா நகரத்து ஆற்றில் இதற்குத் துடைப்ப மீன் என்று பெயர். விற்பவன் சூட்டிய பெயரெல்லாம் துடைப்பம். வலை வீசுகிறவன் சூட்டிய பெயர் பிசாசு. ஒரு பிராணியைப் பற்றி இருவேறு ஜனங்கள் தந்த சாட்சியத்தில் எதை நம்புவது என்பதற்கு எனக்குச் சந்தேகமில்லை.

மீனின்மேல் எனக்குப் பகையில்லை. அமேசான் கரையில் இது பிசாசுமன்று, துடைப்பமுமன்று, நல்ல உணவு. அங்கே கவசத்தோடு நெருப்பில் வாட்டித் தின்கிறார்கள். உலர்த்தி இடித்து மாவாக்கியும் வைத்துக்கொள்கிறார்கள். பிறந்த ஆற்றில் அதற்குப் பகைவரும் உண்டு, பங்காளியும் உண்டு, அளவும் உண்டு. நம் மலையோடைகளிலும் கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டு பாசி மேய்கிற சிறு மீன் இனங்கள் உண்டு. அவை இந்த மலையின் சொந்தக் குடிகள். 1952-இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்கு ஜிலேபியைக் கொண்டுவந்து இறக்கியவர்களும் ஏழைக்கு மலிவான மீன் கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணத்தோடுதான் இறக்கினார்கள். இன்று எந்தக் கண்மாயில் வலை போட்டாலும் அது வருகிறது. திருப்பியனுப்ப வழி எவருக்கும் தெரியவில்லை.

ராஜபாளையத்தானாகிய நான் இன்னொன்றும் சொல்வேன். எங்கள் ஊர் நாயைத் தபால்தலையிலே அச்சிட்டு 2005-ஆம் ஆண்டில் சர்க்கார் கௌரவித்தது. அந்த நாயின் குட்டியை வாங்கப் போகிற எவரும் தாயைப் பார்க்காமல், தகப்பன் எவ்வளவு உயரம் என்று விசாரிக்காமல், பாதத்தைத் தூக்கிப் பார்க்காமல் வாங்குவதில்லை. வளர்ந்தபின் கொல்லை போதாதென்று அதைச் செண்பகத்தோப்புக் காட்டில் அவிழ்த்துவிட்டு வந்து, புண்ணியம் செய்தேன் என்று சொல்லிக்கொள்கிறவனை ஊரார் என்ன சொல்வார்கள்? நாய்க்குக் கேட்ட கேள்வியை மீனுக்குக் கேட்கவில்லை. அவ்வளவுதான் நான் செய்த தப்பு.

ஆகையால் வீட்டில் டேங்க் கிளீனர் வைத்திருக்கிற அன்பர்களுக்கு என் விண்ணப்பம் இது. முடிந்தவரை பெரிய இடம் கொடுத்து அதன் ஆயுள்வரை காப்பாற்றுங்கள். பத்து, பதினைந்து ஆண்டு இருக்கும். முடியாதென்றால் வாங்கிய கடையிலோ, பெரிய தொட்டி உள்ளவரிடமோ கொடுங்கள். அதுவும் இயலாமற்போனால் மீன்வளத் துறையினரைக் கேட்டு நோவில்லாமல் முடித்துவிடுவது, கண்மாயில் விடுவதைக்காட்டிலும் கருணையான செயல் என்றே நான் கருதுகிறேன். இந்த அபிப்பிராயம் சிலருக்குக் கசக்கலாம். அயல் உயிரினங்களைக் கட்டுப்படுத்த மத்திய சர்க்காருக்கு அதிகாரம் கொடுத்து 2022-இல் வனவுயிர்ச் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். சட்டம் வாளிக்குள் எட்டிப்பார்க்காது. கரையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்தான் பார்க்க வேண்டும். மீன் கடை வைத்திருப்பவர்கள் யாரேனும் இங்கே இருந்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை: விலையெழுதும் அட்டையில் விலைக்குக் கீழே 'ஒன்றரை அடி வளரும்' என்று இன்னொரு வரியும் எழுதிவையுங்கள்.

பேரன் கோயம்புத்தூரில் படிக்கிறான். மீன் என்னிடம் இருக்கிறது. இரவு ஒன்பது மணிக்குப் பறங்கித் துண்டு போடாவிட்டால் சிமெண்டுத் தொட்டியின் பக்கத்தை வாலால் அடித்து ஊரைக் கூட்டும். இப்போது மணி எட்டேகால், கடைசி வரிசையில் என் பேருந்துத் துணைவர் எழுந்து நின்று கையைக் காட்டுகிறார்.